300-க்கு 294 எடுத்த எஞ்சின்

தப்பாகச் சோதித்த செஸ் எஞ்சின் ஒன்று என் முன்னால் வருவது இந்த வருடம் இது நான்காவது தடவை.

நான் தொழிலால் மென்பொருள் சோதனையாளன். ஓய்வு நேரத்தில் செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் நிரல், எழுதுகிற பைத்தியமும் உண்டு. இது தெரிந்த ஆசிரியர்கள் சிலர், இறுதியாண்டு புராஜெக்டில் செஸ் என்று ஏதாவது வந்தால் வைவாவுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் இரண்டு தம்பிகள் தாங்களே எழுதிய எஞ்சினோடு வந்திருந்தார்கள். முதல் ஸ்லைடிலேயே பட்டை வரைபடம். 300 செஸ் புதிர்களில் அவர்களுடைய எஞ்சின் தீர்த்தது 294, பக்கத்தில் உலகின் பலமான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் 287. "டாக்டிக்ஸ்ல ஸ்டாக்ஃபிஷையே தாண்டிட்டோம் சார்."

சரி, இரண்டையும் மோதவிடுவோமே என்று அங்கேயே பத்து ஆட்டம் ஓடவிட்டேன். பத்திலும் தம்பிகளின் எஞ்சின் தோற்றது. ஒன்றுகூட டிரா இல்லை.

தம்பிகள் பொய் சொல்லவில்லை. நிரல் சுத்தமாகத்தான் இருந்தது, நகர்வுகளை உருவாக்கும் பகுதியில் ஒரு பிழைகூட இல்லை. (பெர்ஃப்ட், அதாவது சாத்தியமான நகர்வு வரிசைகளை எல்லாம் எண்ணிப் பார்க்கும் சோதனை, ஓட்டினீர்களா என்று கேட்டேன். தொடக்க நிலையிலிருந்து ஐந்து ஆழத்தில், அதாவது இரு பக்கமும் சேர்ந்து ஐந்து நகர்வு தூரத்தில், 48,65,609 என்று உடனே பதில் வந்தது. அந்த எண் வராத எஞ்சினோடு யாரும் என் முன்னால் உட்கார வேண்டாம்.) தப்பு எஞ்சினில் இல்லை, அதைச் சோதித்த விதத்தில் இருந்தது. எஞ்சினுக்கு ஆறு மாதம் உழைத்தவர்கள் சோதனைக்கு ஒரு மாலை நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

அந்த 300 நிலைகள் ஃபிரெட் ரைன்ஃபெல்டின் 'வின் அட் செஸ்' என்ற புதிர்ப் புத்தகத்திலிருந்து வந்தவை. எஞ்சின் எழுதுபவர்கள் சுருக்கமாக 'வேக்' என்பார்கள். மனிதர்கள் படித்துப் பழகுவதற்காக ஒரு மனிதர் தொகுத்தது. வீட்டுக் கணினி என்ற பேச்சே இல்லாத காலத்துப் புத்தகம் அது. பெரும்பாலான நிலைகளை இன்றைய நல்ல எஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். இன்னொரு பக்கம், சில நிலைகளில் விடையே சர்ச்சைக்குரியது. 230ஆம் நிலையில் கறுப்பின் யானையை பி4 கட்டத்தில் பலி கொடுப்பது உண்மையிலேயே வெல்கிறதா என்று எஞ்சின்காரர்கள் பல வருடமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் வெல்லும் வழி ஒன்றுக்கு மேல் உண்டு. புத்தகம் ராணியைப் பிடிக்கச் சொல்லும், எஞ்சின் வேறு வழியில் மேட் கொடுக்கும், மதிப்பெண் போடும் நம் ஸ்கிரிப்ட் அதற்குத் 'தவறு' போட்டுவிட்டு அடுத்த நிலைக்குப் போய்விடும்.

இப்போது அந்த 294க்கு வருவோம். பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆழம் ஐந்தில் சரியான நகர்வு எட்டிப் பார்க்கிறது, ஆழம் ஆறில் வேறொன்றுக்கு மாறுகிறது, கடைசியில் அந்த வேறொன்றையே ஆடுகிறது. ஸ்கிரிப்டோ ஆழம் ஐந்தைப் பார்த்தே 'தீர்த்தது' என்று எழுதிவிட்டது. ஸ்டாக்ஃபிஷுக்கு மட்டும் கடைசி நகர்வை எடுத்திருக்கிறார்கள். புதிர்க் கோப்பில் இரண்டு விடை கொடுத்திருந்த இடங்களில் முதலாவதை மட்டும் படித்திருக்கிறார்கள். போதாததற்கு, விடை 'என்எஃப்3' (குதிரை எஃப்3-க்கு) என்ற பாணியில் இருக்கிறது, எஞ்சின் 'ஜி1எஃப்3' என்று கட்டத்திலிருந்து கட்டத்துக்குச் சொல்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இடத்தில் சிப்பாய் ராணியாகும் நகர்வுகளை விட்டுவிட்டார்கள். ஸ்டாக்ஃபிஷ் இழந்த 13 மதிப்பெண்ணில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருந்தது. மாணவன் விடையைச் சரியாக எழுதியிருக்க, திருத்துபவருக்கு எழுத்துப் புரியாமல் பூஜ்யம் போட்ட கதை.

இதெல்லாம் சில்லறைப் பிழை, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். சரிசெய்த பிறகும் போகாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்னைத் தூங்கவிடாதது அதுதான்: 'அதிகப் புதிர் தீர்க்கும் எஞ்சின் பலமான எஞ்சின்.'

இல்லை. எத்தனை தடவை சொல்வது?

ஒரு புகை எச்சரிக்கை மணியைச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். எரிகிற வீடுகளில் மட்டும் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கிறீர்கள். இரவும் பகலும் சும்மா அலறிக்கொண்டே இருக்கும் மணிதான் உங்கள் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். புதிர்த் தொகுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு நிலையிலும் ஒரு வெல்லும் அடி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். பெரும்பாலும் அது பலியாகவோ செக்காகவோ இருக்கும். ஆகவே பலி கொடுப்பதற்குக் கூடுதல் ஆசை ஊட்டிய எஞ்சின் அங்கே ஜொலிக்கும். தேவையில்லாத இடத்தில் குதிரையைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தொகுப்பு கேட்பதே இல்லை. ஆட்டத்தில் எதிராளி கேட்பான். அறுபது நகர்வு ஆட்டத்தில் அப்படி ஓர் அடி இருக்கும் தருணம் ஒன்றோ இரண்டோதான் வரும், சில ஆட்டங்களில் வரவே வராது. மீதி நகர்வுகளிலெல்லாம் சும்மா நல்ல நகர்வாக ஆட வேண்டும். 'இங்கே ஒரு அடி இருக்கிறது' என்று யாரும் காதில் வந்து ஓதப்போவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. (எஞ்சின்கள் நகர்வுகளைத் தேடும் ஆல்ஃபா-பீட்டா முறை தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், அதை இங்கே விளக்கப்போவதில்லை.) இன்றைய எஞ்சினின் பலமே எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்கும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் பார்த்துவிட்டு ஒதுக்கும். ஒரு பிஷப்பை இலவசமாகக் கொடுக்கும் நகர்வு அப்படித்தான் ஒதுக்கப்படும். அந்த வெட்டைத் தளர்த்தினால் புதிர்கள் சீக்கிரம் விழும். ஆனால் மற்ற எல்லா நிலைகளிலும் குப்பை நகர்வுகளுக்கு நேரம் போய், எஞ்சின் ஓர் ஆழம் குறைவாகப் பார்க்கும், ஆட்டத்தில் தோற்கும். ஒரே மாற்றம் புதிர் மதிப்பெண்ணை ஏற்றி ஆட்ட பலத்தை இறக்குவதை என் எஞ்சினிலேயே பலமுறை பார்த்து நொந்திருக்கிறேன். ஸ்டாக்ஃபிஷ் குழு 2013லிருந்து ஒரு வரி மாற்றத்தைக்கூட ஃபிஷ்டெஸ்ட் என்ற தன் சோதனைத் தளத்தில் ஆட்டங்களாக ஓட்டித்தான் ஏற்கிறது. தன்னார்வலர்களின் கணினிகளில், ஆயிரக்கணக்கில், பல சமயம் பல்லாயிரக்கணக்கில். புதிர் எத்தனை தீர்த்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் புதிர்ச் சோதனை வீணா? இல்லை. சரியாகக் கேட்டால் அருமையான தகவல் தரும். எனக்குப் பிடித்த நிலை 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடியது. எதிர்நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்புகள், கறுப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா வாடை அடிக்கும் முடிவாட்டம். 47ஆவது நகர்வில் எஃப்5-இல் இருந்த பிஷப்பை ஷிரோவ் எச்3-இல் கொண்டுபோய் வைத்தார், வெள்ளைச் சிப்பாய் வெட்டிக்கொள்ளட்டும் என்று. ஜி2 சிப்பாய்க்குக் குறி. அதே நகர்வில் தன் ராஜாவுக்கு எஃப்5 வழியாக இ4 போகப் பாதையும் திறந்தாயிற்று. வெள்ளை ராஜாவுக்கு ஒரே ஒரு நகர்வு பிந்திவிட்டது, அந்த ஒன்று போதும். அக்கால எஞ்சின்கள் இதன் முன்னால் திணறின. இந்த நிலையைக் கொடுத்துவிட்டு 'தீர்த்ததா இல்லையா' என்று கேட்பது சோம்பேறித்தனம். எந்த ஆழத்தில் எச்3 முதலிடத்துக்கு வந்தது? வந்தபின் கடைசிவரை அங்கேயே நின்றதா? மதிப்பீடு வெற்றியைக் காட்டுகிறதா, அல்லது சமநிலை என்று நினைத்துக்கொண்டே குருட்டாம்போக்கில் ஆடியதா? நகர்வு சரியாக இருந்து மதிப்பீடு பூஜ்யமாக இருந்தால் எஞ்சினுக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நான் அதற்கு மதிப்பெண் தருவதில்லை.

1982லேயே கணினி ஆய்வாளர்கள் பிராட்கோவும் கோபெக்கும் இதில் நிதானமாக யோசித்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது 24 நிலைகள்தான். அவற்றில் பாதி டாக்டிக்ஸ், மறுபாதி சிப்பாயை முன்தள்ளி எதிராளியின் சிப்பாய் அமைப்பை உடைக்கும் நிலைகள். விடையும் ஒன்றோடு நிற்கவில்லை, விருப்ப வரிசையில் நான்கு நகர்வு வரை சொல்லலாம், இரண்டாவதாகச் சரியான நகர்வைச் சொன்னாலும் பாதி மதிப்பெண். நாம் அதிலிருந்து பின்னால் போயிருக்கிறோம்.

அப்புறம் கணக்கு. ஓர் எஞ்சின் 294, இன்னொன்று 291 என்றால் முதலாவது மேல் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து தீர்த்தவற்றையும், இரண்டும் விட்டவற்றையும் தள்ளிவிடுங்கள். மிஞ்சுவது, உதாரணத்துக்கு, முதலாவது மட்டும் தீர்த்த ஐந்தும் இரண்டாவது மட்டும் தீர்த்த இரண்டும். ஏழு நாணயம் சுண்டிப் பாருங்கள். ஐந்தோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 128-க்கு 29, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. இதை வைத்து ஒரு ஸ்லைடா? ஆட்டங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பாதி டிராவாக முடியும் 100 ஆட்டங்களில் எலோ (ஆட்ட பலத்தைச் சொல்லும் எண்) கணிப்பு இரண்டு பக்கமும் ஐம்பது புள்ளி வரை ஊசலாடும். நான் ஓட்டிய பத்து ஆட்டம்கூட சோதனை அல்ல. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் பத்தில் தெரிந்தது.

இனி யாரும் என்னிடம் கோப்பைக் கொண்டுவரும் முன் இதைச் செய்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே கணினி, ஒரே நேரம், ஒரே ஹாஷ் (பார்த்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்) அளவு. ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்வது வெறும் 16 எம்பி. உங்களுடையதற்கு ஒரு ஜிபி கொடுத்துவிட்டு அதை அப்படியே விடாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஹாஷைத் துடையுங்கள். துடைக்காமல் அதே கோப்பை இரண்டாவது தடவை ஓட்டிவிட்டு 'வேகம் கூடிவிட்டது' என்று வந்தவர்களும் உண்டு. ஒரே திரெட் (ஒரே சமயத்தில் ஓடும் தேடல்) போதும். பல திரெட் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரும். அப்படித்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு நிலையையும் பத்துத் தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். விடைகளை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் முடிவாட்ட அட்டவணைகளை அணைத்து வையுங்கள். ஏழு காய்க்குள் வரும் நிலைகளில் எஞ்சின் யோசிக்காது, மனப்பாடம் ஒப்பிக்கும்.

முக்கியமாக, எந்தத் தொகுப்பில் சோதிக்கிறீர்களோ அதைப் பார்த்து எஞ்சினின் எண்களைத் திருகாதீர்கள். வினாத்தாள் கையில் இருக்கும்போது தேர்ச்சி எதற்கு? பலி தோற்கும் நிலைகளையும் தொகுப்பில் சேருங்கள். கோப்பு வடிவத்திலேயே 'இதை ஆடாதே' என்று குறிக்க இடம் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. 'வேக்' தொகுப்பைத் தரவரிசைக்கு எடுக்காமல் காய்ச்சல் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 280, ஒரு மாற்றத்துக்குப் பின் இன்று 210 என்றால் எங்கோ உடைத்துவிட்டீர்கள். 280 இன்று 283 ஆனால், போய்த் தூங்குங்கள்.

தம்பிகள் மறுநாளே திருத்தி ஓட்டி அனுப்பினார்கள். அவர்கள் எஞ்சின் 241. முதல் எஞ்சினுக்கு அது கௌரவமான எண், என்னுடைய முதல் எஞ்சின் அதைவிடக் கீழே இருந்தது. பட்டை வரைபடத்தை எடுத்துவிட்டு, விட்டுப்போன 59 நிலைகளையும் எந்த ஆழத்தில் விட்டது என்று பட்டியலாக வைத்திருந்தார்கள். அதில் ஒரே மாதிரியான ஏழு நிலைகள் கண்ணில் பட்டன. நகர்வதே நஷ்டமாகிற முடிவாட்டங்களில், ஒரு நகர்வைச் சும்மா விட்டுப் பார்க்கும் வெட்டு அவர்களை ஏமாற்றியிருந்தது. போன் செய்து சொன்னேன். "அதை ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும்போது நிறுத்திப் பாருங்க." இரண்டு நாளாக ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இன்னும் முடிவு வரவில்லை.