கடிதம் கிளம்பிவிடும், காலண்டர் அடம்பிடிக்கும்

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டி ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்றொரு மாநிலம். அதன் அரசு 2025 அக்டோபரில் ஒரு பெரிய குடிமாற்றத்தை முடித்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல்பெட்டிகள் ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற திறமூல மென்பொருளுக்கு மாறின. ஊழியர்களின் கணினியில் அஞ்சல் படிக்கும் மென்பொருளாக அவுட்லுக் இருந்த இடத்துக்குத் தண்டர்பேர்ட் வந்தது. மின்னஞ்சல்களும் காலண்டர் பதிவுகளுமாக 10 கோடிக்கு மேல் இடம் மாறின. ஆறு மாதம் ஆனது.

ஆறு மாதமா என்று தோன்றும். ஒரு மின்னஞ்சல் சராசரியாக 100 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். 10 கோடிக்கு 10 டெராபைட். கடையில் விற்கும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆனால் இதில் நகலெடுப்பது சின்ன வேலைதான். பழைய வீட்டில் ஒரு பதிவுக்கு என்ன பொருள் இருந்ததோ, அதே பொருள் புது வீட்டிலும் இருந்தாக வேண்டும். மின்னஞ்சல், தொடர்புகள், காலண்டர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஒரே திரையில் பார்க்கிறோம். வீடு மாற்றும்போதுதான் மூன்றும் மூன்று குணம் என்று தெரியவரும்.

மூன்றில் மின்னஞ்சல்தான் சாது. அது பிறந்ததே பயணம் போவதற்காக. அனுப்புகிறவருக்கு எதிர்முனையில் என்ன கணினி இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால் கடிதத்தின் வடிவத்தை ஆரம்பத்திலேயே எல்லோரும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். 1982-இல் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் அதை வரையறுத்தது: மேலே யாரிடமிருந்து, யாருக்கு, தேதி, பொருள் என்று சில வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அதன்கீழ் செய்தி. எல்லாம் வெறும் எழுத்து. இன்று உங்களுக்கு வந்த மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்தாலும் இதே எலும்புக்கூடுதான் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றுக்கு வீடு மாறுவது இன்னொரு பயணம், அவ்வளவுதான்.

ஆனால் கடிதம் வேறு, அது கிடக்கும் பெட்டி வேறு. படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா, நட்சத்திரம் வைத்திருக்கிறோமா, எந்த உறையில் (ஃபோல்டரில்) போட்டோம் என்பதெல்லாம் கடிதத்துக்குள் எழுதியிருப்பதில்லை. பெட்டியை வைத்திருக்கும் சர்வர் தனியாகக் குறித்து வைத்திருக்கும். இந்தக் குறிப்புகளைக் கேட்கவும் மாற்றவும் ஒரு பொதுமொழி வேண்டுமே, அதுதான் ஐமேப். 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கியது. குடிமாற்றும் மென்பொருள் ஒரு கையால் பழைய சர்வரையும் மறு கையால் புதிய சர்வரையும் ஐமேப் வழியே பிடித்துக்கொள்கிறது. கடிதத்தை இங்கே எடுத்து அங்கே வைக்கும்போதே, 'இது படித்தது, இன்ன தேதியில் வந்தது' என்று காதில் சொல்லிவிடுகிறது. சொல்ல மறந்தால் பத்து வருடத்துக் கடிதம் எல்லாம் இன்று காலை வந்ததுபோலப் படிக்காமல் குவிந்து நிற்கும்.

ஜிமெயிலில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. அங்கே உறைகள் கிடையாது, லேபிள்கள்தான். ஒரே கடிதத்தில் 'வீடு', 'வங்கி', 'முக்கியம்' என்று மூன்று சீட்டு ஒட்டலாம். ஐமேப்புக்கோ உறைதான் தெரியும். எனவே ஜிமெயில் ஒவ்வொரு லேபிளையும் உறையாக வேடம் போட்டுக் காட்டுகிறது. விவரம் தெரியாத மென்பொருள் ஒரு கடிதத்தை மூன்று உறையிலிருந்தும் மூன்று தடவை எடுத்துச் செல்லும். 'எல்லா அஞ்சலும்' என்ற உறையையும் சேர்த்தால் நான்கு. கெட்டிக்கார மென்பொருள் தலைப்பு வரிகளில் உள்ள செய்தி அடையாள எண்ணைப் பார்த்து, 'இது ஏற்கெனவே வந்துவிட்டது' என்று விட்டுவிடும். மறுபக்கம், ஜிமெயிலுக்குள் ஐமேப் வழியே ஏற்றுவதற்கு ஒரு நாளைக்கு 500 மெகாபைட் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. 10 ஜிகாபைட் பெட்டியென்றால் 20 நாள். பொறுமை வேண்டும்.

கடிதங்களை ஒரே கோப்பாக இறக்கி எடுத்துச் செல்லவும் வழி உண்டு. யுனிக்ஸ் காலத்து எம்பாக்ஸ் வடிவம் இன்னும் சாகவில்லை. நம் தரவை இறக்கிக்கொள்ள கூகுள் தரும் டேக்அவுட் சேவை கொடுப்பதும் அதைத்தான். எல்லாக் கடிதங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளும். 'ஃபிரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரி வந்தால் புதுக் கடிதம் தொடங்குகிறது என்று பொருள். அப்படியானால் கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அதே சொல்லில் தொடங்கினால்? அதன் முன்னால் அம்புமுனை போன்ற ஒரு குறியைச் சொருகிவிடுவார்கள். பலர் அதைத் திரும்ப எடுக்க மறந்ததால், பழைய ஆங்கிலக் கடிதங்களில் அந்த அம்புமுனை இன்றும் அங்கங்கே நிற்கிறது. தமிழில் மட்டுமே எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நமக்கு வேறு தொல்லை. அது தொடர்புகளில் வரும்.

சித்தியின் பழைய போனிலிருந்து புதிய போனுக்குப் பெயர்களை மாற்றிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் சேமித்த பெயர்கள் ஒழுங்காக வந்தன. தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வரிசையாகச் சமக்குறிகளும் ரோமன் எழுத்துகளும் எண்களும். சித்திக்குப் பால்காரர் யார், பேரன் யார் என்றே தெரியவில்லை.

நடந்தது இதுதான். தொடர்புகளைக் கைமாற்ற விகார்டு என்று ஒரு வடிவம் உண்டு. அதன் 2.1 பதிப்பு 1996-ஐச் சேர்ந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் அதன் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறி, இரண்டு இலக்கம் என்று மூன்று குறிகளாக அது விரித்து எழுதும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 'முருகேசன்' என்பது ஒன்பது குறியீடுகள்: ம, உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக 27 பைட், விரித்து எழுதினால் 81 குறிகள். ஆனால் அந்த முறையில் ஒரு வரிக்கு 76-க்கு மேல் போகக்கூடாது. ஆகவே முருகேசன் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போவார். வரி முடிவில் தனியாக ஒரு சமக்குறி நின்றால் 'இன்னும் இருக்கிறது' என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் பாதிப் பெயரோடு நின்றுவிடும், அல்லது சித்திக்கு ஆனதுபோல மொத்தத்தையும் அப்படியே காட்டிவிடும்.

இதன் ஒன்றுவிட்ட சகோதரனை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தமிழ் எழுத்துக்குப் பதில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர். யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே முதல் பைட்டோடு தொடங்குகிறது. இரண்டாவது பைட் இரண்டே மதிப்புகளில் ஒன்று. அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை என்று நினைத்துப் படித்தால் முதலாவது அந்த ஏ ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்டத்து ஆர் ஆகவும் தெரியும். பைட் ஒன்றுகூடத் தொலையவில்லை, படித்த கண்தான் தப்பு. ஆகவே பதறி அழித்துவிடாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். 1998-இல் வந்த விகார்டு 3.0 இந்த விரித்தெழுதும் முறையைக் கைவிட்டது. 2011-இல் வந்த 4.0 யுடிஎஃப்-8 மட்டும்தான் என்று முடித்துவிட்டது. ஏற்றுமதி செய்யும்போது பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2.1-ஐத் தொடாதீர்கள்.

அலுவலகங்களில் தொடர்புகளுக்கு இன்னொரு ரகசிய வாழ்க்கை உண்டு. ஒரே எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருக்கும் இரண்டு ஊழியர்கள் எழுதிக்கொள்ளும்போது, அந்த சர்வர் அவர்களை நாம் அறிந்த மின்னஞ்சல் முகவரியால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. தன் உள்விவரப் புத்தகத்தில் இருக்கும் நீண்ட வேறொரு முகவரியை வைத்திருக்கும். வீட்டுக்குள் கூப்பிடும் பெயர் மாதிரி. சர்வரை மாற்றிய பிறகு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கடிதத்துக்குப் பதில் போடுவீர்கள், பக்கத்து மேசைக்காரருக்கு. 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வரும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டுப் பெயரையும் புதிய சர்வரில் அவரது இன்னொரு முகவரியாகப் பதிந்துவைத்தால்தான் தீரும்.

சரி, காலண்டருக்கு வருவோம். அடம் பிடிப்பது இதுதான்.

கடிதம் என்பது நடந்து முடிந்த ஒன்று. காலண்டர் பதிவு இனிமேல் நடக்கவேண்டியது. 'ஒவ்வொரு திங்களும் காலை 10 மணிக்குக் கூட்டம்' என்று போட்டால் காலண்டரில் வருடத்துக்கு 52 பெட்டிகள் தெரியும். உள்ளே இருப்பது ஒரே ஒரு விதி. 1998-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட ஐகேலண்டர் தரம் இந்த விதிகளுக்கு ஒரு குட்டி இலக்கணமே வைத்திருக்கிறது. 'மாதத்தின் இரண்டாவது சனி' என்றுகூட எழுதலாம். ஆனால் அந்த இலக்கணம் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மட்டுமே எழுதப்பட்டது. 'அமாவாசை தோறும்' என்று அதில் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாகப் பஞ்சாங்கம் பார்த்துப் போட வேண்டியதுதான். விதிக்கு விலக்குகளும் உண்டு: பொங்கல் வாரத்தில் கூட்டம் இல்லை, அதற்கடுத்த வாரம் மட்டும் செவ்வாய்க்கிழமை. விதி பத்திரமாக வந்து விலக்குகள் வழியில் விழுந்துவிட்டால், ரத்தான கூட்டங்கள் எல்லாம் உயிர்த்தெழும்.

அடுத்தது நேரம். 'காலை 10 மணி' என்றால் எந்த ஊர் 10 மணி? காலண்டர் அதை உலகப் பொதுநேரமாகவும் எழுதி வைக்கலாம், 'இன்ன ஊரில் 10 மணி' என்றும் எழுதி வைக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். கொழும்பில் இருந்தவர்களைக் கேளுங்கள். இலங்கை 2006 ஏப்ரல் வரை பொதுநேரத்தைவிட ஆறு மணி நேரம் முந்தியிருந்தது. அந்த மாதம் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி ஐந்தரை ஆக்கினார்கள். மார்ச்சில் உட்கார்ந்து மே மாதக் கூட்டத்தைக் காலை 10 மணிக்குப் போட்டவரின் காலண்டர் அதைப் பொதுநேரம் 4 மணி என்று எழுதி வைத்திருந்தால், மே மாதத்தில் அது 9.30 என்று காட்டும். 'கொழும்பில் 10 மணி' என்று எழுதி வைத்திருந்தால் 10 மணியேதான்.

ஊர்ப் பெயரை எழுதுவதிலும் ஒற்றுமை இல்லை. உலகின் பெரும்பாலான மென்பொருள்கள் நம் நேரத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்கின்றன. விண்டோஸ் 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்லும் பட்டியல் ஒன்றை யூனிகோடு அமைப்பு பராமரிக்கிறது. அதைப் பார்க்காத மென்பொருள், தெரியாத பெயரைக் கண்டதும் 'பொதுநேரமாக இருக்கும்' என்று முடிவு கட்டிவிட்டால், காலை 10 மணிக் கூட்டம் பிற்பகல் 3.30-க்குப் போய்விடும். பிறந்தநாள்கள் படும் பாடும் இதே வகை. பிறந்தநாளுக்கு மணி கிடையாது, தேதி மட்டும்தான். அதை 'நள்ளிரவு 12 முதல்' என்று மாற்றி எழுதுகிற மென்பொருள் உண்டு. இந்திய நள்ளிரவு, பொதுநேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30. அப்புறம் மணியை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது முந்தைய நாள் தேதி. ஊரில் அத்தனை பேரும் ஒரு நாள் மூத்தவர்களாகிவிடுவார்கள்.

தமிழில் கூட்டத் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு தனிப் பரிசு. ஐகேலண்டர் கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போனால் மடிக்க வேண்டும். தமிழில் அது 25 குறியீடுதான். மடிக்கிறவர் பைட்டை மட்டும் எண்ணி, ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டிவிடலாம். இப்படி நடக்கக்கூடும் என்று அந்தத் தரத்தை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கூட்டம் என்பது ஒருவருடைய சொத்து அல்ல என்பது. அழைத்தவரிடம் ஒரு பிரதி, அழைக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி. எல்லாவற்றையும் கோத்து வைத்திருப்பது ஓர் அடையாள எண். குடிமாற்றத்தில் அந்த எண் மாறிவிட்டால், நாளை கூட்டத்தை ரத்து செய்யும் செய்தி வரும்போது எதை ரத்து செய்வது என்று காலண்டருக்குத் தெரியாது. இன்னும் மோசம், புதிய சர்வர் ஒவ்வொரு பதிவையும் புதிதாகப் போட்ட கூட்டம் என்று நினைத்து அனைவருக்கும் அழைப்பிதழ் அனுப்பத் தொடங்குவது. முடிந்துபோன கூட்டத்துக்கெல்லாம் வாருங்கள் என்று கூப்பிடும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் காலண்டரை ஏற்றும்போது அழைப்புகளை அனுப்பும் வாயை முதலில் கட்டிவிடுவார்கள்.

எல்லாம் ஏறிய பிறகு வாசலைத் திருப்ப வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் தளத்துக்கு மாறியபோதும் முகவரிகள் மாறவில்லை, பழையபடி நிக்.இன், கவ்.இன்தான். இது எப்படி முடிகிறது என்றால், ஒவ்வொரு டொமைனுக்கும் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) 'என் கடிதங்களை இன்ன சர்வரில் கொடு' என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. எம்எக்ஸ் பதிவு என்பார்கள். அந்த ஒரு வரியை மாற்றினால் அஞ்சல் புது வீட்டுக்குப் போகும். உடனே போகாது. ஏற்கெனவே அதைப் படித்தவர்கள் குறிப்பிட்ட நேரம் வரை மனப்பாடமாக வைத்துக்கொள்வார்கள். அந்த நேரம் ஒரு நாளாக இருந்தால் ஒரு நாள் வரை சில கடிதங்கள் பழைய கதவையே தட்டும். முன்கூட்டியே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைப்பது வழக்கம்.

அப்படிப் பழைய கதவைத் தட்டுகிற கடிதம் என்ன ஆகும்? பழைய சர்வர் வழக்கம்போல வாங்கி வைத்துக்கொண்டால், யாராவது நினைவாக மறுபடி ஒருமுறை போய் அள்ளிவர வேண்டும். சர்வர் பூட்டிக் கிடந்தால் கவலையே இல்லை. அனுப்பிய சர்வர் திரும்பத் திரும்ப முயலும், நான்கைந்து நாளாவது விடாமல் முயலச் சொல்கிறது தரம். அதற்குள் புது முகவரி அதற்குத் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது மூன்றாவது நிலைக்கு. அவசரக்காரர் ஒருவர் பழைய சர்வரில் கணக்குகளை மட்டும் அழித்துவிட்டு சர்வரை ஓடவிட்டிருப்பார். அது கதவைத் திறந்து, 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று 550 என்ற எண்ணோடு பதில் சொல்லும். அனுப்பியவருக்குக் கடிதம் அந்த நொடியே திரும்பிவிடும், மறுமுயற்சியே கிடையாது. ஆகவே முதலில் சர்வரை நிறுத்துங்கள், கணக்குகளைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.