அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள்

போன வாரம் வகுப்புக்கு வந்த மாணவி தன் நோட்டுப்புத்தகத்தை என் முன் விரித்து வைத்தாள். முதல் பக்கத்திலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. நீல மையில் பெயருக்கு முன்வரும் இத்தாலியச் சொல், சிவப்பு மையில் தமிழ் உருபு. ‘ஆ’ என்றால் ‘கு’, ‘இன்’ என்றால் ‘இல்’, ‘தா’ என்றால் ‘இலிருந்து’. இப்படிப்பட்ட அட்டவணைகளை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இவள் இன்னும் இரண்டு மாதத்தில் இத்தாலியின் பொலோஞாவில் முதுகலை சேரப்போகிறவள். அட்டவணையை நம்பி, இத்தாலிக்குப் போகிறேன் என்பதற்கு அவள் சொன்னது: ‘வாதோ ஆ இத்தாலியா.’ தவறு. அடுத்தது, ரோமில் இருக்கிறேன் என்பதற்கு ‘சோனோ இன் ரோமா.’ அதுவும் தவறு.

ரோமுக்குப் போகிறேன், ரோமில் இருக்கிறேன் என்று போவதையும் இருப்பதையும் தமிழ் உருபால் பிரிக்கிறது. இத்தாலிய மொழி இங்கே அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. எந்த இடம் என்றுதான் பார்க்கிறது. ஊர் என்றால் போனாலும் இருந்தாலும் ‘ஆ’: வாதோ ஆ ரோமா, சோனோ ஆ ரோமா. இத்தாலி என்ற நாட்டுக்கு இரண்டிலும் ‘இன்’: வாதோ இன் இத்தாலியா, சோனோ இன் இத்தாலியா. மறுபடியும் சொல்கிறேன்: ‘ஆ’ என்பது ‘கு’ அல்ல, ‘இன்’ என்பது ‘இல்’ அல்ல. சிசிலிக்கு ‘இன்’, காப்ரித் தீவுக்கு ‘ஆ’. பள்ளிக்கு ‘ஆ ஸ்குவோலா’, வங்கிக்கு ‘இன் பாங்கா’. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இடப்பெயரை எழுதும்போதே அதற்கு முன்வரும் சொல்லையும் சேர்த்து எழுதி, இரண்டையும் ஒன்றாக மனப்பாடம் செய்யுங்கள்.

‘தா’வை ‘இலிருந்து’ என்று பூட்டி வைப்பது இதைவிடக் கெடுதல். (‘தானம்’ என்பதில் வரும் ‘தா’வைப் போல உச்சரியுங்கள், ‘தாத்தா’வில் வருவதைப் போல அல்ல.) ‘வேங்கோ தல் மெதிகோ’ என்றால் மருத்துவரிடமிருந்து வருகிறேன் (‘தா’வோடு ‘இல்’ என்ற இத்தாலியச் சுட்டு சேர்ந்தால் ‘தல்’). ‘வாதோ தல் மெதிகோ’ என்றால் மருத்துவரிடம் போகிறேன். இரண்டிலும் அதே ‘தல்’தான், திசையை வினைச்சொல் சொல்லிவிடுகிறது. தமிழிலும் மருத்துவமனைக்குப் போகிறோம், ஆனால் மருத்துவரிடம் போகிறோம். ஆள் என்றால் உருபு மாறுகிறது. இந்த ஓர் இடத்தில் தாய்மொழி நமக்குக் கை கொடுக்கிறது. அதையும் அந்த அட்டவணை மறைத்துவிட்டது.

இனி ‘பெர்’. எவ்வளவு காலமாக இத்தாலியன் படிக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். இரண்டு ஆண்டாகப் படிக்கிறேன் என்று சொல்ல நினைத்து, ‘ஸ்தூதியோ இத்தாலியானோ பெர் தூயே ஆன்னி’ என்றாள். கேட்பவர் காதில் அது, இரண்டு ஆண்டுக்குப் படிக்கப்போகிறாள் என்று விழும். இரண்டு ஆண்டு உழைத்த பெண், இனிமேல்தான் தொடங்கப்போகிறவளாகத் தெரிவாள். தொடங்கி இன்னும் தொடர்வது என்றால் நிகழ்காலத்தோடு ‘தா தூயே ஆன்னி’. படித்து முடித்தாகிவிட்டது என்றால்தான் ‘ஓ ஸ்தூதியாத்தோ பெர் தூயே ஆன்னி’.

இத்தாலியப் பிள்ளைகள் பள்ளியில் தி, ஆ, தா, இன், கோன், சு, பெர், த்ரா, ஃப்ரா என்று இப்படி முன்வரும் சொற்கள் ஒன்பதையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நீங்களும் ஒப்பியுங்கள், பக்கத்தில் தமிழ் எழுதாமல். சியேனா, பெருஜா பல்கலைக்கழகங்களின் சான்றிதழ் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் தயவுசெய்து இன்றே தொடங்குங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் இது ஏறாது.

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் ‘சோனோ தி சென்னை’ என்று சொல்லுங்கள். ‘வேங்கோ தா சென்னை’ என்றும் சொல்லலாம். ‘சோனோ தா சென்னை’ மட்டும் வேண்டாம்.