'பல்துறை' வேறு, 'துறையிடை' வேறு

"பல்துறைக் கலைகளுக்கான சுதந்திர நிறுவனம்." இந்தத் தொடரை அழைப்பிதழ்களிலும் கலை விழாச் செய்திகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. 'இன்டர்டிசிப்ளினரி' என்ற ஆங்கிலச் சொல் தமிழுக்கு வந்தாலே 'பல்துறை' ஆகிவிடுகிறது. 'எக்ஸ்பெரிமென்டல் மீடியா' என்றால் 'சோதனை ஊடகம்'. இரண்டும் தவறு. இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம். முதலாவதுதான் அதிகக் கேடு செய்கிறது, ஏனென்றால் அது சரியான சொல் போலவே தோற்றம் தருகிறது. படிப்பவர் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சொல்லின் பிறப்பு சுருக்கமானதுதான். லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே. 'டிசிப்ளினா' என்றால் கற்பிக்கப்படுவது, பயிற்சி. மாணவரைக் குறிக்கும் 'டிசிபுலஸ்' அதற்கு உறவு. இரண்டையும் ஒட்டி உண்டான சொல் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சமூக அறிவியலாளர்களிடம் புழங்கத் தொடங்கியது. 1970-ல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) பிரான்சின் நீஸ் நகரில் ஒரு கருத்தரங்கு கூட்டியது. பல துறைகள் அருகருகே இருப்பது ஒன்று, துறைகள் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கித் தாமும் மாறுவது இன்னொன்று, துறைகளின் எல்லையையே கடந்து போவது மூன்றாவது என்ற பாகுபாடு அங்கேதான் தெளிவாக வரையறை பெற்றது. மூன்றாவதை முன்வைத்தவர் உளவியலாளர் ழான் பியாஜே. ஆக, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட விஷயம். தமிழில் மட்டும் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

'பல்துறை' நல்ல சொல். அதன் இடத்தில் அதற்கு மாற்றே கிடையாது. ஒருவர் கணிதமும் இசையும் வானியலும் அறிந்திருந்தால் அவர் பல்துறை அறிஞர். இதயத்துக்கு ஒரு பிரிவு, எலும்புக்கு ஒரு பிரிவு, கண்ணுக்கு ஒரு பிரிவு என்று ஒரே கட்டடத்தில் இருந்தால் அது பல்துறை மருத்துவமனை. அங்கே இதய மருத்துவர் எலும்பு மருத்துவரோடு ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அந்தப் பெயர் பொய்யாகாது. 'பல்' என்பது எண்ணிக்கையைச் சொல்கிறது. உறவைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. 'இன்டர்' சொல்வது உறவை மட்டும்தான்.

இந்த வேறுபாடு நடப்பில் என்ன என்று பார்க்க 1966-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி' என்ற அமைப்பைவிட நல்ல சான்று கிடைக்காது. பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகப் பொறியாளர்களான பில்லி க்ளூவர், பிரெட் வால்ட்ஹவர் இருவரும் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க், நிகழ்கலைஞர் ராபர்ட் விட்மன் இருவரும் சேர்ந்து நிறுவியது. அதற்கு வித்திட்டது அதே ஆண்டு அக்டோபரில் நடந்த ஒன்பது மாலை நிகழ்ச்சிகள். 10 கலைஞர்களும் சுமார் 30 பொறியாளர்களும் சேர்ந்து செய்தவை. ரௌஷன்பெர்க்கின் படைப்பில் இரண்டு பேர் டென்னிஸ் ஆடுகிறார்கள். மட்டைக்குள் சிறிய ஒலிபரப்புக் கருவி. ஒவ்வொரு முறை பந்து மட்டையில் படும்போதும் அந்த அதிர்வு ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்க ஒலிக்கிறது. கூடவே ஒரு விளக்கு அணைகிறது. ஆட்டம் போகப்போக அரங்கம் இருட்டாகிவிடுகிறது. பிறகு நூற்றுக்கணக்கான மனிதர்கள் அந்த இருட்டில் வந்து நிற்க, அகச்சிவப்புக் கேமரா வழியாகத் திரையில் மட்டுமே அவர்களைப் பார்க்க முடிகிறது. இதில் எது பொறியியல், எது நாடகம், எது இசை? பிரித்துத் தனித்தனியாக வைத்தால் மிஞ்சுவது ஒரு டென்னிஸ் மட்டைதான்.

அதே அமைப்பு 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கை அமைத்தது. அங்கே ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா கட்டடத்தைப் பனிமூட்டத்தால் மூடினார். அவருடைய தந்தை உகிச்சிரோ நகாயா செயற்கைப் பனிப்படிகத்தை முதன்முதலில் உண்டாக்கிய இயற்பியலாளர். மகள் கேட்டது ரசாயனப் புகை அல்ல; மக்கள் உள்ளே நடந்து போகக்கூடிய, வெறும் தண்ணீரால் ஆன மூட்டம். அதற்காக மேக இயற்பியலாளர் தாமஸ் மீ நுண்ணிய துளைகள் வழியே உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் முறையை உருவாக்கினார். கலைஞர் கேட்ட ஒன்றால் பொறியாளரின் வேலை மாறியது. பொறியாளர் செய்த ஒன்றால் சிற்பம் என்பதன் பொருளே மாறியது. துறைக்கும் துறைக்கும் இடையில் நடப்பது என்றால் இதுதான். இதைப் 'பல்துறை' என்று எழுதுகிறவர், நடந்ததையே மறைத்துவிடுகிறார்.

சரி, தமிழில் 'இடை'யை இந்தப் பொருளில் ஆள வழியில்லையா என்றால், நாள்தோறும் ஆண்டுகொண்டுதான் இருக்கிறோம். கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி என்கிறோம்; பல்கல்லூரிக் கபடிப் போட்டி என்று எந்த விளையாட்டுச் செய்தியாளரும் எழுத மாட்டார். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு என்கிறோம். அதைப் 'பல்மாநிலத் தகராறு' என்று எழுதினால் யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற செய்தியே போய்விடும். விளையாட்டிலும் தண்ணீரிலும் இவ்வளவு கவனமாக இருக்கிற மொழிக்கு, கலை என்று வந்தவுடன் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

இந்த நோய்க்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு: 'பன்னாட்டு'. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கம்பெனி பன்னாட்டு நிறுவனம். அது சரி. ஆனால் சென்னையில் இருப்பதும் பன்னாட்டு விமான நிலையம். அங்கே சொல்ல வந்தது நாடுகளுக்கு இடையே பறப்பதைப் பற்றி. 'அனைத்துலக' என்றும் 'சர்வதேச' என்றும் சொற்கள் கையில் இருந்தும் இரண்டு கருத்துகளை ஒரே சொல்லில் அடைத்தோம். அது நிலைத்துவிட்டது, இனி மாற்றுவது கடினம். 'பல்துறை'யும் அப்படி இறுகிப்போவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கலை உலகத்தில் இது வெறும் அகராதிச் சண்டை அல்ல. 1960-களில் கலைகளின் எல்லைகளைக் கலைத்துப்போட்ட ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த டிக் ஹிகின்ஸ் 1966-ல் 'இன்டர்மீடியா' என்ற சொல்லை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1812-லேயே ஆண்ட சொல் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹிகின்ஸின் வாதம் மிகத் தெளிவானது. ஆபராவில் பாட்டு எது, வசனம் எது, அரங்க அமைப்பு எது என்று பார்ப்பவருக்குத் தனித்தனியாகத் தெரியும். அது கலப்பு ஊடகம். 'இன்டர்மீடியா' அப்படியல்ல; இரண்டு ஊடகங்களுக்கு நடுவில், இரண்டிலும் அடங்காமல் பிறப்பது. இந்தக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்க்கும் ஒருவர் 'பல்லூடகம்' என்று போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஹிகின்ஸ் எதை மறுக்கிறாரோ அதையே அவர் வாயில் திணிப்பதாகும்.

எனவே என் பரிந்துரை 'துறையிடை'. துறையிடைக் கலைகள், துறையிடை ஆய்வு, துறையிடைப் படிப்பு. ஒட்டிப் பார்த்தால் எந்தப் பெயரோடும் எளிதாகச் சேர்கிறது. நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கனவே இருப்பதுதான். எடுத்து ஆள ஆளில்லாமல் கிடக்கிறது.

சிலர் 'இடைத்துறை' என்கிறார்கள். இது ஆங்கில முன்னொட்டின் வரிசையை அப்படியே பின்பற்றியதால் வந்த பிழை. தமிழில் 'இடை' முன்னால் வந்தால் நடுவில் உள்ளது, தற்காலிகமானது என்று பொருள் மாறிவிடும்: இடைத்தேர்தல், இடைக்காலம், இடைநிலை ஆசிரியர், இடைத்தரகர். அந்த வரிசையில் இடைத்துறை என்றால் இரண்டு துறைகளுக்கு நடுவில் இன்னொரு துறை என்றுதான் காதில் விழும். அப்புறம் 'துறைகடந்த' என்ற சொல். அழகாக இருக்கிறது, ஆனால் அது பியாஜே சொன்ன மூன்றாவது வகைக்கு உரியது; அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வெறுங்கையோடு நிற்போம். 'பல்துறை இணைந்த' என்று சமாதானம் செய்துகொள்பவர்களும் உண்டு. தவறான சொல்லுக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு சொல்லா?

'துறையிடை' காதுக்குப் புதிதாக இருக்கிறது, வாசகருக்குப் புரியாது என்பார்கள். துறை என்றால் முதலில் ஆற்றில் இறங்கும் இடம், தோணி வந்து நிற்கும் இடம். மயிலாடுதுறையும் துறைமுகமும் இருக்கும் வரை அந்தப் பொருள் மறையாது. அங்கிருந்துதான் கல்வியின் பிரிவுக்கு அந்தச் சொல் வந்தது. ஒன்றை முழுதும் கற்றவரைத் 'துறைபோகியவர்' என்றார்கள். இவ்வளவு தெரிந்த வாசகருக்குத் துறைகளுக்கு இடையில் என்பது புரியாமல் போகாது. வாசகருக்குப் புரியாது என்று சொல்வது பெரும்பாலும் எழுதுகிறவரின் சோம்பலுக்கு வாசகர் தலையில் போடும் பழி.

கருத்தும் நமக்கு அந்நியமல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் தகுதி சொல்கிறது. தண்ணுமை வாசிப்பவன் தாளத்தோடு நின்றுவிட முடியாது. ஆடலும் பாடலும் இசையும் தமிழும் பண்ணும் குறையில்லாமல் உணர்ந்திருக்க வேண்டும். எத்தனை கலைஞர்கள் மேடையில் இருந்தார்கள் என்பதைவிட, ஒருவர் கலையை இன்னொருவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதில்தான் அந்தக் காதைக்கு அக்கறை.

இனி 'சோதனை ஊடகம்'. தமிழில் சோதனை என்றால் வருமான வரிச் சோதனை, சோதனைச் சாவடி, கடவுள் தரும் சோதனை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் குற்றமோ குறையோ தேடுகிறார். மெட்ரோ ரயிலின் சோதனை ஓட்டத்தில்கூட முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் சொன்ன பொருளோ நேர் எதிர்: விளைவு என்னவென்று முன்கூட்டித் தெரியாத செயல்தான் 'எக்ஸ்பெரிமென்டல்'. காந்தியின் தன்வரலாற்றுக்குக் குஜராத்தித் தலைப்பில் இருப்பது 'பிரயோகம்', அதாவது செய்துபார்த்தல். தமிழில் அது 'சத்திய சோதனை' ஆனபோது, உண்மையைச் செய்துபார்த்த மனிதர் உண்மையால் சோதிக்கப்பட்டவர் போல ஆகிவிட்டார். பெயருக்கு முன் அடையாக வேண்டுமென்றால் 'பரிசோதனை' பரவாயில்லை; ஆய்வகத்தையாவது நினைவுபடுத்தும். அதுவும் வடசொல்தானே என்று கேட்பவர்களுக்கு: சோதனையும் வடசொல்தான். தொடராக எழுத இடமிருந்தால் 'செய்துபார்க்கிற' என்றே எழுதலாம்.

'ஊடக'த்தில் வேறு சிக்கல். இன்று ஊடகம் என்றால் செய்தி சேனல். ஊடகச் சந்திப்பு, ஊடகவியலாளர். ஆனால் பள்ளி இயற்பியலில் ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஒரு ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குப் போகிறது என்று படித்தோமே, அதுதான் கலைக்குத் தேவையான பொருள். நெதர்லாந்தின் வி2 என்ற கலை அமைப்பு 1987-ல் வெளியிட்ட அறிக்கையில் நிலையற்ற ஊடகங்கள் என்று சொன்னது மின் அலைகளையும் அதிர்வெண்களையும். அதைத் தமிழில் படிப்பவர் ஆட்டம் காணும் தொலைக்காட்சி நிறுவனங்கள் என்று புரிந்துகொண்டால் அது அவர் பிழையல்ல. இத்தகைய இடங்களில் ஒலி, வீடியோ, மின்னணு என்று பெயர் சொல்லி எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. கலைச்சொல் பட்டியலைத் திறந்து முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு நகர்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது என்று ஒரு நிமிடம் விசாரித்தாலே பாதிப் பிழைகள் வராது.

கடைசியாக 'சுதந்திர நிறுவனம்'. 'இன்டிபென்டன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிலர் 'தன்னாட்சி' போடுகிறார்கள்; தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்தோடு இணைந்தே இருக்கும் கல்லூரி. 'சுயேச்சை' தேர்தல் வேட்பாளருக்குப் போய்விட்டது. இலங்கையில் 'சுயாதீன ஆணைக்குழு' என்று இயல்பாகப் புழங்குகிறது, அதை எடுத்துக்கொள்வதில் தடையில்லை. நான் 'தனித்தியங்கும்' என்றே எழுதுவேன். வி2 1981-ல் டென் போஸ் நகரில், கலைஞர்கள் குடியேறிக் கைப்பற்றிய ஒரு கட்டடத்தில் பிறந்து, 1994-ல் ராட்டர்டாமுக்குப் போனது. அரசு மானியம் பெற்றாலும், எதைச் செய்வது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். 'தனித்தியங்கும்' என்பதில் அந்த இயக்கம் இருக்கிறது.