முதலில் மார்பின் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்

போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய், எலும்பெல்லாம் பரவிவிட்டது, இனி கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் இணையத்தில் தேடி, 'வீட்டிலேயே ஐசியு' என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்திருக்கிறார். கட்டில் வந்தது, மானிட்டர் வந்தது, ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது, இரண்டு ஷிப்டுக்கு ஆள் வந்தது. எலும்பைக் குடையும் வலிக்கு வந்ததோ பாராசிட்டமால். வாரக்கணக்கில் அந்த மனிதர் தூங்கவில்லை. மானிட்டர் மட்டும் எல்லாம் நார்மல் என்று காட்டிக்கொண்டிருந்தது.

நோயாளியின் வலியையும் தொல்லைகளையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சையில் வேலை செய்கிற எங்களுக்கு இது புதிதே இல்லை. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

கடைசிக்காலக் கவனிப்புக்கு ஒரு ஹாஸ்பிஸையோ (அதற்கென்றே உள்ள இல்லம்), வீட்டுக்கு வரும் குழுவையோ தேடுகிறவர்கள் ஏசி அறை உண்டா, கூட இருப்பவருக்குப் படுக்கை உண்டா, வென்டிலேட்டர் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். முதல் கேள்வி அது இல்லை. "மார்பின் மாத்திரை வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கடும் வலிக்குக் கொடுக்கிற, போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து அது. இல்லை என்றாலோ, மழுப்பினாலோ, போனை வைத்துவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் இதற்குப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது, உண்மைதான். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அந்த நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். இன்றும் அனுமதி வாங்காமல் கடைசிக்காலக் கவனிப்பு என்று பலகை மாட்டுவதற்குச் சாக்கே கிடையாது.

இதைச் சொன்னதும் குடும்பத்தில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்துவார். "மார்பினா? அது சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே?"

இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு முறை சொல்கிறேன். பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்து, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற மருந்து இது. இப்படிக் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது. மாதக்கணக்கில் மார்பின் சாப்பிட்டுக்கொண்டே கடைக்குப் போய் உட்கார்ந்தவர்கள், பேத்தி கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சில் வலி குறைந்தால் அளவை மெல்ல இறக்கி நிறுத்திவிடுகிறோம். அவர்கள் யாரும் மாத்திரைக்கு ஏங்கித் தெருவில் அலையவில்லை. "இப்பவே கொடுத்துட்டா அப்புறம் வேலை செய்யாதே" என்பதும் தவறு. வலி கூடினால் அளவைக் கூட்டலாம், அதற்கு இடம் இருக்கிறது. பிறகு ஏன் இந்தப் பயம்? நாம்தான் காரணம். சாவதற்கு இரண்டு நாள் முன்பு வரை கொடுக்காமல் வைத்திருந்து, கடைசியில் முதல் மாத்திரையைக் கொடுக்கிறோம். நோய் கொல்கிறது, பழி மாத்திரை மேல் விழுகிறது. பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்கிறார்கள்.

மார்பினுக்கு உண்மையிலேயே ஒரு தொல்லை உண்டு, மலச்சிக்கல். அதனால் முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுத வேண்டும். எங்களுக்குள் இதை வைத்தே ஒருவர் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கணித்துவிடுவோம். மார்பின் மட்டும் எழுதிய சீட்டோடு வந்தால் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள், தப்பில்லை.

அடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் போனை யார் எடுப்பார்கள்? கால் சென்டரா, நோயாளியைப் பார்த்த நர்ஸா? எடுத்து என்ன சொல்வார்கள்? முகத்துக்கு நேரே மின்விசிறி வையுங்கள், சாய்த்து உட்காரவையுங்கள், இந்த மருந்தை இவ்வளவு கொடுங்கள் என்று சொல்பவர்கள் வேலை தெரிந்தவர்கள். "ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம்" என்பது மட்டுமே பதில் என்றால், நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்த ஐசியுவுக்கே திரும்பிப் போகிறீர்கள். புற்றுப்புண்ணில் நாற்றம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது மிக மலிவான, நல்ல வழி. தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள். தெரியாதவர்கள் ரூம் ஃப்ரெஷ்னர் வாங்கச் சொல்வார்கள்.

வீட்டிலேயே இறந்தால் இறப்புக்கான காரணச் சான்றை அந்தக் குழுவின் மருத்துவர் எழுதித் தருவாரா? இதற்கு 4ஏ என்று தனிப் படிவமே உண்டு. கேட்கவே வாய் கூசும், தெரியும். உடலை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக டாக்டர் தேடுவதை விட அந்தக் கூச்சம் பரவாயில்லை.

செலவை எழுத்தில் வாங்குங்கள். காசு அதிகம் என்றால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெங்களூரில் உள்ள கருணாஷ்ரயா என்ற ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் பணமே வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அரசாங்க நர்ஸ் என்று முகம் சுளிக்காதீர்கள், படுக்கைப் புண்ணை அவர்கள் கட்டுகிற நேர்த்தியை நான் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். கீமோ நடக்கும்போதே வரலாம், ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வருவதற்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வீட்டில் இருக்க ஆசையா, வேறு இடத்திலா என்று. "அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே எங்களை மடக்குகிறீர்கள். உள்ளே போனால், "புள்ளைங்க பயந்துடுவாங்க, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்கிறார் அவர்.

எல்லாம் முடிவாகி, எல்லாரும் சம்மதித்த பிறகு, கடைசி வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்து இறங்குவார். "அப்பாவை இப்படியே விட்டுட்டீங்களா?" என்று கத்துவார். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே எங்கள் எண்ணை அவருக்கு அனுப்பிவிடுங்கள். எங்களைத் திட்டட்டும், பழகியதுதான். 108-ஐக் கூப்பிடுவதற்கு முன்னால் திட்டினால் போதும்.