அறிமுக ஓட்டுநர் பரிசு காருக்கு இல்லை, ஓட்டுகிறவருக்கு

பரிசு ஏன் கிடைக்கவில்லை என்று வீடு தேடி வந்து கேட்பது இந்த சீசனில் இது மூன்றாவது தடவை. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரு அப்பாவும் மகனும் வந்து உட்கார்ந்தார்கள். காப்பி வருவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, புதுப் பசங்கள்ல என் மகன் டைம்தான் கம்மி. அப்புறம் எப்படி அந்தப் பரிசு இன்னொருத்தனுக்குப் போச்சு?"

இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று 402 மீட்டர் நேராகப் பாயும் டிராக் (drag) பந்தயங்களில் நான் டைமிங் பார்க்கிறவன். சிறந்த அறிமுக ஓட்டுநரைத் தேர்வு செய்யும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

பையனிடம் டைம் ஸ்லிப், அதாவது ஓட்டம் முடிந்ததும் கொடுக்கும் நேரச் சீட்டு இருந்தது. அவனைத் தோற்கடித்தவனுடைய எண்களும் அதிலேயே பக்கத்தில் இருந்தன. ஆத்தங்குடித் தரையில் அதை விரித்து வைத்து, முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். படித்தான்: 0.46. அடுத்தவனுடையது 0.07. அது ரியாக்‌ஷன் டைம். பச்சை விளக்கு எரிந்த பிறகு வண்டி கோட்டை விட்டு நகர எவ்வளவு நேரம் பிடித்தது என்ற கணக்கு. கடைசி வரி 402 மீட்டர் ஓடிய நேரம். இவனுக்கு 12.71 விநாடி, அவனுக்கு 12.93.

பலரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். பச்சை எரிந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. முன்சக்கரம் கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் ஓட்ட நேரம் தொடங்கும். பச்சை எரிந்து நீங்கள் அரை நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் ஸ்லிப்பில் 12.71 அப்படியே வரும். ஆனால் பக்கத்து வண்டி உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். இவனுக்கு 13.17, அவனுக்கு 13.00. கோட்டை முதலில் தொட்டவன் அவன். அந்த வேகத்தில் 0.17 விநாடி என்றால் ஏறக்குறைய இரண்டு கார் நீளம். 12.71 என்பது பெரும்பாலும் என்ஜினும் டயரும் அப்பா செலவழித்த பணமும் சேர்ந்து கொடுத்த எண். 0.07 அந்தப் பையனுடைய கண்ணும் காலும் கொடுத்தது. புதியவருக்கான பரிசில் நாங்கள் தேடுவது இரண்டாவதைத்தான். அதோடு, காலைக் குளிரில் ஓடியவரின் நேரத்தையும் மதிய வெயிலில் ஓடியவரின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயமில்லை. காற்று சூடானால் என்ஜினுக்கு மூச்சு வாங்கும்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் இது யாருக்கும் புரியாமல் இல்லை. பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுகிறோம். பூஞ்சிட்டு ஏன் பெரிய மாடு மாதிரி வரவில்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. மாட்டுக்காரருக்கு ஒரு பரிசு, சாரதிக்கு ஒரு பரிசு. கார் என்று வந்தால் மட்டும் சாரதியை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய, டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் அறிமுக ஓட்டுநர் விருதும் நேரத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பதல்ல. எத்தனை பந்தயத்தில் கலந்துகொண்டார், தடத்திலும் வெளியிலும் எப்படி நடந்துகொண்டார், ரசிகர்களிடம் எப்படிப் பழகினார் என்பதெல்லாம் சேரும். 2013-இல் அதை வாங்கிய பிரிட்டனி ஃபோர்ஸ் அந்த ஆண்டு ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. முதல் வெற்றி 2016-இல் வந்தது. 2017-இல் மிக வேகமான பிரிவுகளில் ஒன்றான டாப் ஃபியூவலில் சாம்பியன் ஆனார்.

நான் பார்ப்பது என்னவென்றால், பத்து ஓட்டம் ஓடினால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதா, பச்சைக்கு முன்பே கிளம்பி எத்தனை முறை சிவப்பு எரிந்தது, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனபோது ஆக்ஸிலரேட்டரை விட்டாரா, தோற்ற பிறகு தடத்தைக் கவனிக்கும் மார்ஷலிடம் எப்படிப் பேசினார் என்பதெல்லாம்தான். வேறு ஊரில் நாலு வருடம் ஓட்டிவிட்டு இங்கே வந்து "நான் புதுசு" என்று பெயர் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் ஸ்டேஜிங்கிலேயே, அதாவது வண்டியைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு பையன் போனை எடுத்தான். "இதப் பாருங்க, இதுல 12.4 வந்திருக்கு." இரவு ஒரு மணிக்கு பைபாஸில் ஓடிய வீடியோ, ஓரத்தில் ஒரு ஆப் காட்டும் நேரம். ஹெல்மெட் இல்லை. எதிரே ஒரு லாரியின் விளக்கு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவன் அப்பா அதை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார்.

தம்பிகளே, அந்த வீடியோவைக் காட்டினால் பரிசு வராது. எங்கள் குழுவில் யார் கண்ணில் பட்டாலும் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். சாலையில் ஓடுவதற்கு 402 மீட்டர் கிடைக்கலாம், நிற்பதற்கு இடம் கிடையாது. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற அனுபவசாலி கோட்டைத் தாண்டிய பிறகு வண்டியை நிறுத்த முடியாமல் இறந்துபோனார். அதன் பிறகுதான் மிக வேகமான இரண்டு பிரிவுகளுக்கும் ஓடும் தூரத்தை 1,000 அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைத்தார்கள். முறையான தடம், பாராசூட், தீயணைப்பு ஆட்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நடந்தது அது. நம் பைபாஸில் மாடு படுத்திருக்கும்.

பெற்றோர்களே, மகன் எவ்வளவு நேரத்தில் ஓடினான் என்று கேட்பதற்கு முன்னால் ஸ்லிப்பை வாங்கிப் பாருங்கள். ஸ்லிப் இல்லாத நேரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். என்ஜினுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை நல்ல ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் வையுங்கள்.

பையன் கடைசியாக, "ரியாக்‌ஷனுக்கு எப்படிப் பழகுறது?" என்று கேட்டான். என்னிடம் பயிற்சிக்கான விளக்கு மரம் ஒன்று இருக்கிறது, பந்தயக் கோட்டில் நிற்கும் விளக்குக் கம்பம் மாதிரி. மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். வளவில் ஒரு தூணோரம் அதை வைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். முதல் பத்தில் ஆறு சிவப்பு. அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் அது இரண்டாகக் குறைந்தது. வரும் ஞாயிறும் வருகிறார்கள்.