ஏறும்போது மூச்சு, இறங்கும்போது தொடை

கோவை பக்கத்து வெள்ளியங்கிரி மலைக்குப் போய்வந்தவரிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இறக்கம் என்பார். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை, வழியெல்லாம் காடு. ஏறும்போது நெஞ்சு படபடக்கும். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது மூச்சு அவ்வளவாக வாங்காது, ஆனால் அடிவாரம் நெருங்கும்போது கால் தானாக ஆடத் தொடங்கும். வீடு திரும்பிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது.

இரண்டுக்கும் உழைப்பது தொடையின் முன்பக்கத் தசைதான். ஏறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது, முழங்கால் மடங்க மடங்க, இழுபட்டு நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. கனமான அண்டாவைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்குவது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சக்தி அதிகம் செலவாவதில்லை. 1952-ல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் அதே விசையோடு எதிர்த்துத் தடுக்க வேண்டும். தடுத்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிதித்தவருக்கு ஆனதைவிட மிகக் குறைவு.

காரணம், நீளும் தசை குறைவான இழைகளை வைத்தே அந்த வேலையை முடித்துவிடுகிறது. சிக்கனம்தான்! ஆனால் ஒவ்வோர் இழை மீதும் விழும் சுமை கூடிவிடுகிறது. இழைக்குள் இருக்கும் சார்கோமியர் என்னும் நுண்ணிய அலகுகளில் சில அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. அந்த இடத்தில் அழற்சி உண்டாகி, வலி நரம்புகள் கூருணர்வு பெற நேரமாகும். அதனால்தான் வலி ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வருகிறது. பலரும் பழி போடும் லாக்டிக் அமிலம் நடையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய வடிந்துவிடும். பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மலையேறுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் மூங்கில் தடிக்கு இறக்கத்தில்தான் முழு வேலை. எடையில் ஒரு பங்கைக் கைகளுக்கு மாற்றிவிடுகிறது. சின்னச் சின்ன அடியாக வைத்தால் முழங்கால் குறைவாக மடங்கும், தசையும் குறைவாக நீளும்.

அப்புறம் இன்னொன்று. ஒருமுறை அடிபட்ட தசை பழகிக்கொள்கிறது. சில வாரங்களுக்குள் மறுபடி இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அடுத்த பயணத்துக்குள் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்திருக்கும். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே படி இறங்கிப் பழகுவது நல்லது. அபார்ட்மென்ட்டில் பயிற்சிக்காகப் படியேறிவிட்டு லிப்டில் இறங்குகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள், அதுவும் வலிக்காத பாதியை.