ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியன் வரை: 960 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஆர்க்டிக் பகுதிக்குச் செல்வோருக்குப் பயணத் திட்டம் வகுத்துத் தரும் பணியில் நான் அடிக்கடி காண்பது, இணையக் கணிப்பான் காட்டும் தொலைவையும் நேரத்தையும் அப்படியே நம்பி, அடுத்தடுத்த விமானங்களை இடைவெளியின்றி முன்பதிவு செய்துவிடும் வழக்கம்.

வட நார்வேயின் ட்ரோம்சோவுக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியனுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 960 கிலோமீட்டர். சென்னை–தில்லி தொலைவில் பாதியைச் சற்றே தாண்டும். ஆனால் மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தில், இதுவே சென்னை–தில்லியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளமாகத் தெரியும். துருவத்தை நெருங்க நெருங்க நீட்டிக் காட்டுவது அம்முறையின் இயல்பு என்பதால், படத்தில் அளந்து பார்ப்பதை இங்கே அறவே தவிர்க்க வேண்டும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 72 நிமிடம் வரும்; கால அட்டவணையிலோ சுமார் 1 மணி 40 நிமிடம் இருக்கும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவதற்கு வேகம் குறைப்பது ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். எதிர்க்காற்று பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைக் கூட்டலாம். குளிர்காலத்தில் இறக்கைகளில் படிந்த பனியை அகற்றுவதற்கு அதைவிடவும் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்த நிமிடங்களைப் பற்றியன்று. இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது கடல். இடையில் உள்ள கரடித் தீவில் வானிலை நிலையம் உண்டே தவிர, பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதை கிடையாது. லாங்யியர்பியனை மூடுபனியோ பலத்த குறுக்குக்காற்றோ சூழ்ந்துவிட்டால், ஜெட் விமானம் பெரும்பாலும் நார்வே பெருநிலத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். அதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் அது புறப்படுகிறது. அவ்வாறு நேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்த பின்னரும் பயணி புறப்பட்ட கரையிலேயே இருப்பார். எனவே தொடர் விமானங்களை ஒரே பயணச்சீட்டில் எடுக்குமாறும், திரும்பும் வழியில் ஓர் இரவையாவது இடைவெளியாக விடுமாறும் நான் வற்புறுத்துகிறேன்.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதே ஆயினும் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆதலால் ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகச் செல்லும் விமானத்தில் இருப்பவர்களும் ட்ரோம்சோவில் இறங்கிக் கடவுச்சீட்டுச் சோதனையைக் கடக்க வேண்டும். இந்தியர்களுக்கு இருமுறையேனும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா தேவை. ஒருமுறை நுழைவு விசாவுடன் சென்றவர் ஊர் திரும்ப மீண்டும் ஷெங்கன் பகுதிக்குள் நுழைய இயலாது.

2008-ல் தொடங்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்குச் செல்வோர், லாங்யியர்பியனிலிருந்து அந்நிலையம் அமைந்துள்ள நி-ஆலெசுண்டுக்கு மேலும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் பறக்கிறார்கள். ஊர்களை இணைக்கும் சாலை அத்தீவில் இல்லை. சிறு விமானத்தில் அரை மணிக்கும் குறைவான பயணம்தான். எனினும் வானிலை இடங்கொடாவிட்டால் அது ஒத்திவைக்கப்படும். ஆகவே ஆய்வுக் கருவிகளுடன் செல்வோர் அந்தக் குறுகிய தூரத்துக்கென்று தனியாக ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது.